ஒரு துக்க வீடு, ஒரு காத்திருப்பு வீடு: மலையக மலைவிபத்து ஒன்றின் நிகழ்வு ஆய்வு

இந்தப் பதிவைப் பற்றி

இலங்கை மலையகத்தின் மஸ்கெலியா, நோர்ட்டன் பிரிட்ஜ் மலைப்பகுதியில் ஒரு தீபாவளி விடுமுறையின்போது நடந்த விபத்தையும் அதற்குப் பிந்திய நாட்களையும் இங்கே பதிவு செய்கிறேன். இரு குடும்பங்களும் கேட்டுக்கொண்டதால் ஆண்டு, மலை, தோட்டம், ஆட்கள் என எதன் பெயரும் இதில் இல்லை. உயிரிழந்தவரை ‘இளைஞர்’ என்றும், காணாமற்போய்ப் பின்னர் மீட்கப்பட்டவரை ‘மாணவர்’ என்றும் குறிப்பிடுகிறேன். எழுதியதை இரு வீட்டாருக்கும் வாசித்துக் காட்டி, அவர்கள் நீக்கச் சொன்னவற்றை நீக்கியிருக்கிறேன்.

விபத்தில் சிக்கியவர்களின் மலையேறும் குழுவைச் சேர்ந்தவன் நான். விபத்து நடந்த அன்று மலையில் இல்லை. மறுநாள் முற்பகலிலிருந்து தேடுதல் பதிவேடு என் கையில் இருந்தது. மலைவிபத்துகளைப் பற்றி எழுதுகிறவர்கள் கயிறு, காலநிலை, பாதை ஆகியவற்றோடு நிறுத்திக்கொள்கிறார்கள். அவை இங்கேயும் உண்டு. ஆனால் ஒரே தேயிலைத் தோட்டத்தில் ஒரு வீடு பிள்ளையைப் பறிகொடுத்து அழுதுகொண்டிருக்க, நடந்துபோகும் தூரத்தில் இன்னொரு வீடு பிள்ளை வருவான் என்று அடுப்பை எரியவிட்டுக் காத்திருந்தது. இந்த இரண்டு வீடுகளுக்கும் நடுவில் நின்றவர்கள் எடுத்த முடிவுகளைத்தான் நான் அதிகமாகச் சொல்ல விரும்புகிறேன்.

பின்னணி

எங்கள் குழுவில் இருப்பவர்கள் பெரும்பாலும் தோட்டக் குடும்பங்களின் பிள்ளைகள். ஆசிரியர்கள், கொழும்பில் கடைகளில் வேலை செய்கிறவர்கள், மாணவர்கள், ஒரு தாதி. லிப்டன் சீட், நமுனுகுல, நக்கிள்ஸ் என்று தொடங்கி, பருவகாலத்தில் சிவனொளிபாதமலையும் ஏறுவார்கள். இலங்கையில் மலையேற்றம் ஒரு விளையாட்டாக வளர்ந்தது அண்மைக் காலத்தில்தான். 2016 மே 21 அன்று இலங்கைப் பெண்ணான ஜயந்தி குரு உதும்பால எவரெஸ்ட் உச்சியில் நின்றபோது எங்கள் பெண் பிள்ளைகள் பலருக்கு அது பெரிய உற்சாகம். அவருடன் சென்ற யொஹான் பீரிஸ் அந்த ஆண்டு உச்சிக்குச் சற்றுக் கீழே திரும்பிவிட்டார். 2018இல் மீண்டும் சென்று எட்டினார். திரும்பி வந்தவருக்குத்தான் இரண்டாவது வாய்ப்பு உண்டு என்று குழுவின் மூத்த ஆசிரியர் புதியவர்களிடம் அடிக்கடி சொல்வார். அன்றைய பயணத்தை வழிநடத்தியவரும் அவரே.

சென்றவர்கள் ஆறு பேர். இளைஞர் கொழும்பில் ஒரு புடவைக்கடையில் வேலை செய்தவர், தீபாவளிக்கு வீடு வந்திருந்தார். மாணவர் தொழில்நுட்பக் கல்லூரியில் படிப்பவர். இருவரும் ஒரே தோட்டம். இளைஞரின் வீடு தோட்டத்தின் கீழ்ப் பிரிவான கீழ் டிவிசனில், மாணவரின் வீடு மேல் டிவிசனில். அவர்களின் தாய்மார் ஒருவரையொருவர் ‘மதினி’ என்று அழைப்பவர்கள், ஒரே மலையில் கொழுந்து பறிக்கிறவர்கள்.

காலநிலையைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். ஒக்டோபரும் நவம்பரும் இரண்டு பருவமழைகளுக்கு இடைப்பட்ட காலம். விடியற்காலையில் வானம் துடைத்துவிட்டாற்போல் இருக்கும். காசல்ரீ நீர்த்தேக்கம் கண்ணாடியாய்த் தெரியும். மத்தியானத்துக்குப் பின் முகில் திரண்டு இடியும் மின்னலுமாகக் கொட்டும். தோட்டத்தில் பிறந்தவர்கள் எல்லோருக்கும் இது தெரியும். காலை வெயிலைப் பார்த்துவிட்டால் தெரிந்ததும் மறந்துபோகிறது.

முதல் நாள்

விடியுமுன் புறப்பட்டவர்கள் முற்பகலிலேயே உச்சியை அடைந்துவிட்டார்கள். அங்கே தீபாவளிப் பலகாரத்தைப் பகிர்ந்து சாப்பிட்டு, படம் எடுத்து, நிதானமாக இறங்கத் தொடங்கினார்கள். ஒரு மணியளவில் முகில் முகட்டை மூடியது. அதன் பிறகு பாதையைக் காணவில்லை. மானாப்புல் ஆளுயரம் வளர்ந்த முகடு அது. கால்தடம் தெரியாத இடத்தில் புல்லை விலக்கி விலக்கி நடந்தார்கள். மின்னல் நெருங்கியபோது முகட்டில் நிற்பது ஆபத்து என்று எல்லோரும் உணர்ந்தார்கள். அந்த நேரத்தில் முகில் சற்று விலக, கீழே தோட்டத் தொழிலாளர் குடியிருப்புகளான லயன்களின் கூரைகள் தெரிந்தன. நேராக இறங்கினால் அரை மணி நேரத்தில் தோட்டத்துக்குப் போய்விடலாம் என்று தோன்றியது.

இந்த இடத்தில்தான் விபத்து தொடங்குகிறது. மேலிருந்து பார்ப்பவருக்குப் புற்சரிவும் தெரியும், அதற்குக் கீழே தோட்டமும் தெரியும். இடையிலிருக்கும் செங்குத்துப் பாறை தெரியாது. நனைந்த மானாப்புல் சரிவின் பக்கமாகவே சாய்ந்து கிடக்கும், காலை வைத்தால் பிடி கிடைக்காது. முன்னால் சென்ற இளைஞர் சறுக்கினார். அவருக்குப் பின்னால் இருந்த மாணவர் எட்டி அவருடைய பையின் பட்டையைப் பிடித்தார். இருவரும் போனார்கள். மற்ற நால்வரும் பார்த்தது அவ்வளவுதான்.

ஆசிரியர் அப்போது எடுத்த முடிவு மற்ற மூவரின் உயிரைக் காத்தது என்பது என் உறுதியான கருத்து. கீழே இறங்கிப் பார்க்கிறேன் என்று துடித்த ஒருவரைக் கையைப் பிடித்து உட்காரவைத்தார். ஒருவரும் சரிவில் இறங்கக்கூடாது என்றார். தொலைபேசிக்கு அலைவரிசை கிடைக்கும் இடம் தேடி வந்த வழியிலேயே முகட்டுக்கு ஏறி, பொலிஸ் அவசர இலக்கமான 119க்கும் தோட்டத்திலிருந்த ஒரு நண்பருக்கும் பேசினார். விழுந்த இடத்தை அடையாளம் காட்டத் தம்முடைய சிவப்பு மழைச்சட்டையை ஒரு புதரில் கட்டிவைத்துவிட்டு வந்தார். அந்த மழையில் தாம் நனைந்தபடி மூவரையும் சுற்றுவழியாக இறக்கிக்கொண்டு வந்தார். பின்னாளில் சிலர் அவரைக் குறைசொன்னார்கள். அதை என்னால் ஏற்க முடியவில்லை.

மாலையில் பொலிஸாரும் தோட்டத்து ஆண்களும் அடிவாரத்திலிருந்து ஏறினார்கள். 1990 என்ற இலக்கத்துக்கு அழைத்தால் வரும் அம்புலன்ஸ், கொழுந்து நிறுக்கும் மடுவத்தடியில் வந்து நின்றது. இரவு எட்டு மணிக்குப் பிறகு டோர்ச் வெளிச்சத்தில், பாறையின் கீழிருந்த ஒரு திட்டில் இளைஞரின் உடல் கிடப்பதைக் கண்டார்கள். உயிர் போய் நேரமாகியிருந்தது. மாணவரின் ஒரு சப்பாத்து மட்டும் சற்றுத் தள்ளிக் கிடந்தது.

திடீர் மரண விசாரணை அதிகாரி வந்து பார்வையிடும்வரை உடலை நகர்த்த முடியாது; இரவில் அந்தப் பாறையடிக்கு அவரை அழைத்துச் செல்லவும் முடியாது. எனவே நான்கு பேர் உடலருகே தங்கினார்கள். ஒரு படங்கைக் கட்டி, உடலின்மேல் கம்பளி போர்த்தி, ஒரு இலாம்பை வைத்துவிட்டு விடியவிடிய விழித்திருந்தார்கள். இடையிடையே எழுந்து இருட்டுக்குள் மாணவரின் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார்கள். பதில் வரவில்லை. அந்த நால்வரில் ஒருவர் இளைஞரின் சித்தப்பா. தம் பிள்ளையின் உடலுக்குப் பக்கத்தில் நின்று இன்னொரு வீட்டுப் பிள்ளையைக் குரல் உடையக் கூப்பிட்டவர் அவர்.

இரண்டாம் நாள் காலை: கூட்டமும் பதாகையும்

செய்தி இரவோடிரவாகப் பரவிவிட்டது. விடிந்தபோது ஹட்டன், நுவரெலியா, பண்டாரவளை, கண்டி என்று பல ஊர்களிலிருந்து மலையேறும் நண்பர்கள் வந்து இறங்கினார்கள். விடுமுறைக்கு வந்திருந்த இளைஞர்கள் வேலைக்குத் திரும்பாமல் நின்றுவிட்டார்கள். அவர்களுடைய மனதை நான் மதிக்கிறேன். ஆனால் யார் எந்தப் பக்கம் ஏறுகிறார்கள், எப்போது திரும்புவார்கள் என்று யாருக்கும் தெரியாது. ஈரமண்ணில் இருந்திருக்கக்கூடிய சறுக்கல் தடங்களின்மேல் நூறு கால்கள் நடந்தன. பலர் ஒரே நேரத்தில் கூப்பிட்டதால் எது பதில், எது எதிரொலி என்று பிரித்தறிய முடியவில்லை. பத்து மணிக்கு வேற்றூர் இளைஞர் இருவர் காட்டுக்குள் வழிதவறிவிட்டார்கள் என்று செய்தி வர, இருந்த பொலிஸாரில் பாதிப்பேர் அவர்களைத் தேடிப் போனார்கள். மாணவருக்கான நேரத்தில் இரண்டு மணி இப்படிப் போயிற்று.

விமானப்படையின் ஹெலிகொப்டருக்குக் கோரிக்கை போயிருந்தது. முகில் கீழிறங்கிக் கிடந்ததால் அன்று அது வர வழியில்லை.

அதே காலையில் நடந்த இன்னொன்று மலையில் நடந்த எதையும்விடக் கூடுதல் காயம் தந்தது. ‘இருவர் பலி’ என்று முகநூலில் யாரோ பதிவிட்டிருந்தார்கள். அதை நம்பிய வெளியூர் நண்பர்கள் தொலைபேசியிலேயே சொல்லி ஒரு பதாகை அச்சிடச் செய்தார்கள். கடைவீதிச் சந்தியில் அது தொங்கியது. ‘கண்ணீர் அஞ்சலி’ என்ற தலைப்பில் இரண்டு படங்கள் இருந்தன. டோர்ச்சுக்குப் பற்றரி வாங்கப் போயிருந்த மாணவரின் தங்கை அண்ணனின் படத்தை அங்கே பார்த்தாள். பள்ளிக்கூடம் போகும் பிள்ளை. அவள் வீட்டுக்கு வந்து ஒன்றும் பேசவில்லை. சற்று நேரத்தில் அந்தப் பதாகையின் படம் தாயின் தொலைபேசிக்கே வந்துவிட்டது.

அச்சிட்டவர்கள் கெட்டவர்கள் அல்லர். அன்பினால் அவசரப்பட்டார்கள். அந்த அன்பு ஒரு தாயிடம் அவள் பிள்ளை செத்துவிட்டான் என்று யாருடைய வாக்குமூலமும் இல்லாமல் அறிவித்துவிட்டது.

அன்று காலை மாணவரின் வீட்டுக்கும் அக்கம்பக்கத்தார் சோறு சமைத்துக் கொண்டுபோயிருந்தார்கள். தாய் அதை வாசலிலேயே நிறுத்திவிட்டார். “சாவு வீட்டுக்குத்தான் வெளிச்சோறு வரும். என் வீட்டு அடுப்பு எரிகிறது, நீங்கள் இதைக் கீழ் டிவிசனுக்குக் கொண்டுபோங்கள், மதினி சாப்பிட்டிருக்கமாட்டார்” என்றார். கொண்டுபோனவர்கள் அழுதுகொண்டே திரும்பினார்கள். காணாமற்போனவருக்காகக் காத்திருப்பது என்னவென்று இந்த நாட்டில் யாருக்கும் விளக்கத் தேவையில்லை. போரில் காணாமலாக்கப்பட்ட பிள்ளைகளைக் கேட்டுக் கிளிநொச்சியில் 2017 பெப்ரவரியில் தெருவோரம் அமர்ந்த தாய்மாரின் முகங்களை எல்லோரும் பார்த்திருக்கிறோம். இருந்தும், காத்திருக்கும் வீட்டைச் சாவு வீடாக நடத்தக்கூடாது என்பது அன்று எங்களில் பலருக்குத் தோன்றவில்லை.

பிரட்டுக்களத்தில் எடுத்த முடிவுகள்

பதினொரு மணிக்கு, தொழிலாளர்கள் காலையில் வேலைக்குக் கூடும் பிரட்டுக்களத்தில் ஒரு கூட்டம் கூடியது. பொலிஸ் பொறுப்பதிகாரி, கிராம உத்தியோகத்தர், தோட்டத் தலைவர்மார், எங்கள் குழுவினர், இரு வீட்டு உறவினர் எல்லோரும் இருந்தார்கள்.

பெயர் பதியாமல் ஒருவரும் ஏறக்கூடாது என்பது முதலில் தீர்மானமாயிற்று. ஐந்து பேர் கொண்ட குழு, ஒவ்வொன்றிலும் அந்த மலையை அறிந்த தோட்டத்தவர் ஒருவர், மாலை மூன்று மணிக்குள் யாராயினும் திரும்பிவிட வேண்டும். வந்தவர்களில் பாதிக்கு மேற்பட்டோரைக் கீழேயே நிறுத்தி, தேநீர், சாப்பாடு, சாமான் தூக்குதல் என்று வேலை கொடுத்தோம். சிலர் கோபித்துக்கொண்டு போனார்கள். எல்லாக் குழுக்களும் மணிக்கொரு முறை ஐந்து நிமிடம் அசையாமல், பேசாமல் நின்று காதுகொடுக்க வேண்டும் என்பதும் அப்போதுதான் முடிவாயிற்று.

அடுத்து, இரண்டு வீட்டுக்கும் தனித்தனி ஆள். துக்க வீட்டுக்கு ஓய்வுபெற்ற ஓர் ஆசிரியர். பிரேதப் பரிசோதனை, மரணப் பதிவு, மரண உதவிச் சங்கத்தின் பணம், தோட்டம் தரும் சவப்பெட்டி, எல்லாவற்றையும் அவர் பார்த்துக்கொள்ள வேண்டும்; குடும்பம் அலையக்கூடாது. வாக்குமூலம் சிங்களத்தில் எழுதப்பட்டபோது, கையெழுத்திடுமுன் வரிவரியாகத் தமிழில் வாசித்துக்காட்டச் செய்தவரும் அவரே. காத்திருக்கும் வீட்டுக்குத் தோட்டத்துக் குடும்பநல உத்தியோகத்தர் சென்றார். அந்த மாணவரைக் குழந்தையாக நிறுத்துப் பார்த்தவர் அவர். செய்தி இருந்தாலும் இல்லாவிட்டாலும் இரண்டு மணிக்கொரு முறை போய்த் தாயிடம் பேச வேண்டும் என்று ஏற்பாடு. ‘கட்டாயம் கிடைப்பான்’ என்றும் சொல்லக்கூடாது, ‘மனதைத் தேற்றிக்கொள்ளுங்கள்’ என்றும் சொல்லக்கூடாது. எந்தப் பக்கம் தேடினார்கள், என்ன கண்டார்கள், அடுத்து எங்கே போகிறார்கள் என்பதை மட்டும் சொல்ல வேண்டும். தாய் பின்னர் என்னிடம் சொன்னார்: “ஒன்றும் கிடைக்கவில்லை என்று சொல்லவாவது ஓர் ஆள் வந்ததுதான் எனக்குப் பலம்.”

மூன்றாவதாக, வெளியே தகவல் சொல்லும் பொறுப்பு ஒருவருக்கு மட்டும் தரப்பட்டது. பதாகையை மாணவரின் தாய்மாமன் ஏற்கெனவே அறுத்து எடுத்திருந்தார்.

குழாய் பார்க்கும் பெரியவர்

கூட்டம் கலையும் நேரத்தில்தான் அந்தப் பெரியவர் முன்னால் வந்தார். தோட்டத்துப் பீலிகளுக்கு மலைமேலிருந்து தண்ணீர் வரும் குழாயைப் பராமரிப்பவர். அடைப்பு ஏற்பட்டால், வெடித்தால், ஊற்றுவரை நடந்துபோய்ச் சரிசெய்வது அவர் வேலை. 1974 டிசம்பர் 4 இரவு மார்ட்டின்எயார் நிறுவனத்தின் பயணிகள் விமானம் இதே பகுதியிலுள்ள ஏழு கன்னியர் மலையில் மோதி 191 பேரும் மாண்டபோது அவர் சிறு பையன். மீட்பு வேலைக்கு ஏறிய தோட்டத்து ஆண்களில் அவருடைய தகப்பனாரும் ஒருவர். இந்த மலைகளில் ஒரு பொருள் விழுந்தால் எங்கே போய்ச் சேரும் என்பதைத் தகப்பனிடமிருந்து கேட்டு வளர்ந்தவர்.

அவர் சொன்னது இது. அந்தப் பாறையில் இடது பக்கமாகச் சறுக்கினால் ஆள் திட்டில் தங்காமல் ஓடைப் பள்ளத்துக்குள் போவார். அடிபட்டு உயிரோடு இருப்பவர் தண்ணீரைப் பிடித்துக்கொண்டு கீழே நகரத்தான் பார்ப்பார். அந்த ஓடை சற்றுத் தூரத்தில் அருவியாக விழுகிறது. அதற்குமேல் போக முடியாமல் அருவியின் தலையில் மாட்டிக்கொள்வார். மேலிருந்து அங்கே இறங்க வழியில்லை. கீழே தண்ணீர்த் தொட்டியிலிருந்து குழாயோடு ஏறினால், அருவிக்குப் பக்கத்தில் ஒரு இடுக்கு இருக்கிறது.

இதை அவர் முதல் நாள் மாலையே சொல்லியிருக்கிறார். கேட்ட இளைஞர்கள் “சரி தாத்தா” என்று சொல்லிவிட்டு வரைபடம் வைத்திருந்தவர்களோடு மேலே போய்விட்டார்கள். அவருடைய பேச்சு பொலிஸ் அதிகாரியின் காதுக்கு எட்ட ஓர் இரவும் அரைப் பகலும் ஆயிற்று. இந்த முழு நிகழ்விலும் என்னை இன்னும் வாட்டுவது இதுதான்.

உடனே அவரோடு ஒரு குழு தொட்டிப் பக்கமாகப் புறப்பட்டது. இராணுவத்தினர் நால்வர் கயிறுகளோடு சேர்ந்துகொண்டார்கள். பாதி தூரம் போனபோது மழை பிடித்துக்கொண்டது. ஓடை செம்மண் நிறமாக மாறி, நிமிடத்துக்கு நிமிடம் உயர்ந்தது. மூன்று மணி ஆகவில்லை, ஆனாலும் பெரியவர் நின்றுவிட்டார். இதற்குமேல் தண்ணீர் விடாது என்றார். மாணவரின் தாய்மாமன் அவர் காலைப் பிடிக்காத குறையாகக் கெஞ்சினார், பிறகு வைதார். குழுத்தலைவர் திரும்பும் முடிவை எடுத்தார். மறுநாள் போனபோது, அந்த இடுக்குக்குக் கீழே பாதையின் குறுக்கே ஒரு பெரிய மரம் வேரோடு வந்து கிடந்தது.

இரண்டாம் இரவு

மாலை ஆறு மணிக்குமேல் இளைஞரின் உடல் வீட்டுக்கு வந்தது. லயன் முன்னால் வெள்ளைக்கொடி கட்டியிருந்தார்கள். வழமைப்படி அன்றிரவு முழுவதும் தப்பு என்னும் பறையை அடிக்க வேண்டும், அடிப்பவர்களும் வந்துவிட்டார்கள்.

மேலே மடுவத்தில் இரவுக் காவலுக்கு ஆட்களை நிறுத்தியிருந்தோம். மாணவர் உயிரோடிருந்து கூப்பிட்டால் கேட்க வேண்டும். தப்புச் சத்தம் பள்ளத்தாக்கு முழுவதும் நிறையும். இதை அந்த வீட்டில் போய் யார் கேட்பது என்று தயங்கி நின்றோம். பிள்ளையைப் பறிகொடுத்தவரிடம் உன் பிள்ளைக்கான மரியாதையை நிறுத்து என்று சொல்ல எவருக்கும் வாய் வரவில்லை. ஓய்வுபெற்ற ஆசிரியர் போனார். அவர் சொல்லி முடிக்குமுன்பே தகப்பன் பேசினார்: “என் பிள்ளைக்கு நாளைக்கு அடிக்கலாம். அந்தப் பிள்ளை கூப்பிட்டால் கேட்க வேண்டும்.” ஒப்பாரியும் அன்று மெல்லிய குரலில் நடந்தது. பெண்கள் வாயில் சேலைத் தலைப்பை வைத்துக்கொண்டு அழுதார்கள்.

மாரியம்மன் கோவில் மணியை மணிக்கொரு முறை அடித்தோம். நாங்கள் போய்விடவில்லை என்று மாணவருக்குத் தெரிய வேண்டும் என்பதற்காக. கொழுந்து லொறியின் முன்விளக்குகளை மலையை நோக்கித் திருப்பி வைத்தோம். நடுநிசிக்குப் பிறகு ஓடைப் பக்கமிருந்து கல்லோடு கல் மோதும் ஓசை கேட்டதாகக் காவலிருந்த இருவர் சொன்னார்கள். மூன்றாமவர் அது மரையின் நடமாட்டம் என்றார். தான் கல்லால் தட்டியது மாணவருக்கு நினைவிருக்கிறது, எந்த நேரமென்று நினைவில்லை. ஆகவே அவர்கள் கேட்டது அதுதான் என்று நான் எழுத முடியாது. கேட்டதாக நம்பியவர்கள் விடியுமுன்பே புறப்படத் தயாரானார்கள் என்பது மட்டும் உண்மை.

மூன்றாம் நாள்

காலை எட்டரை மணியளவில், அருவியின் தலைக்குப் பக்கத்தில் ஒரு பாறைக் குடைவுக்குள் மாணவரைக் கண்டார்கள். பேசினார், ஆனால் குழறினார். தொடை எலும்பு முறிந்திருந்தது. உட்காருவதற்காகக் கொண்டுபோன உரப்பைக்குள் இரண்டு கால்களையும் நுழைத்துக்கொண்டு சுருண்டிருந்தார். பையில் மிஞ்சிய முறுக்கைச் சிறிது சிறிதாகச் சாப்பிட்டிருக்கிறார்.

உயரம் ஆயிரம் மீற்றர் கூடினால் வெப்பம் ஏறக்குறைய ஆறரைப் பாகை குறையும். அந்த உயரத்தில் நனைந்த உடுப்போடு கழிக்கும் இரவு, வெப்பநாட்டிலும் ஆளைக் கொல்லப் போதுமானது. உடலின் உள்வெப்பம் 35 பாகைக்குக் கீழே போனால் பேச்சுக் குழறும், சிந்தனை மந்தமாகும். நடுக்கம் நின்றுவிட்டால் நிலைமை மேலும் மோசம். எங்கள் தாதி அந்தக் குழுவில் இருந்தது பெரும் பேறு. ஈர உடுப்பை வெட்டி அகற்றி, உலர்ந்த கம்பளிகளால் தலைமுதல் சுற்றினார். கைகால்களைத் தேய்க்க முற்பட்டவர்களைத் தடுத்தார். குளிர்ந்துபோன உடலைத் தேய்ப்பதும் குலுக்குவதும் இதயத்துடிப்பைக் குழப்பிவிடும். ஒருவர் சூடு பிடிக்கட்டும் என்று சாராயம் கொண்டுவந்திருந்தார். அது தோலின் இரத்தக்குழாய்களை விரித்து, மிஞ்சியிருக்கும் வெப்பத்தையும் வெளியேற்றிவிடும் என்று சொல்லித் திருப்பிக் கொடுத்தார். விழுங்க முடிகிறதா என்று பார்த்து, வெதுவெதுப்பான இனிப்புத் தேநீர் சில மிடறு மட்டும் கொடுத்தார். காலுக்கு இருபுறமும் கம்பு வைத்துக் கட்டி, படுத்த நிலையிலேயே கயிற்றில் இறக்கினார்கள். மடுவத்துக்கு வந்துசேர மூன்று மணி நேரத்துக்குமேல் ஆயிற்று.

‘உயிரோடு இருக்கிறார்’ என்ற செய்தி கீழே வந்த அந்த நிமிடத்தில் மேல் டிவிசனில் யாரோ தீபாவளிக்கு மிஞ்சிய பட்டாசைக் கொளுத்தினார்கள். தொடர்ந்து பல இடங்களில் வெடித்தது. கீழ் டிவிசனில் பெட்டி மூடாமல் இருந்தது. இரவெல்லாம் தப்பை நிறுத்திவைத்த வீட்டுக்கு அந்த வெடிச்சத்தம் கேட்டது. இளைஞரின் தாய் நிமிர்ந்து பார்த்து, “கிடைத்துவிட்டானா?” என்று கேட்டார். ஆம் என்றதும் கையெடுத்துக் கும்பிட்டார். பிறகுதான் அதுவரை அடக்கியிருந்த அழுகை வெளிவந்தது. அங்கிருந்தவர்கள் அதை இன்றும் பேசமாட்டார்கள்.

மாணவரின் தாய், மகனோடு அம்புலன்ஸில் ஏறுமுன் கீழ் டிவிசனுக்கு ஓடிவந்தார். இருவரும் கட்டிக்கொண்டு நின்றார்கள். அங்கே நடந்த பேச்சை எழுத வேண்டாம் என்று இருவருமே சொல்லிவிட்டார்கள். இரண்டு மணிக்குத் தப்பு முழங்க இளைஞரைத் தோட்டத்து மயானத்தில் அடக்கம் செய்தோம். தேடுதலுக்கு வந்த எல்லோரும், கயிறு பிடித்த இராணுவத்தினர் உட்பட, மண் அள்ளிப் போட்டார்கள்.

பின்விளைவுகள்

மாணவர் கண்டியில் சத்திரசிகிச்சை பெற்று, பல மாதங்களுக்குப் பின் ஊன்றுகோல் இல்லாமல் நடக்கிறார். நண்பரின் மரணத்தை அவரிடம் யார், எப்போது சொல்வது என்பதில் குடும்பத்துக்குள் கருத்து வேறுபாடு இருந்தது. வைத்தியரின் ஆலோசனைப்படி, உடல்நிலை சீரானதும் தாயும் வழிநடத்திய ஆசிரியரும் சேர்ந்து சொன்னார்கள். “எனக்குத் தெரியும்” என்றார். பட்டை கையிலிருந்து நழுவியதை அவர் திரும்பத் திரும்பப் பேசுகிறார். மனநல ஆலோசகர் ஒருவரிடம் போய்வருகிறார். அதை மறைக்காமல் எழுதச் சொன்னவர் அவரே.

பதினாறாம் நாள் கருமாதிக்குக் குழுவினர் போனோம். இளைஞரின் சம்பளத்தில்தான் தம்பியின் படிப்பு நடந்தது என்பதை அங்கேதான் அறிந்தோம். அந்தச் செலவைக் குழு ஏற்றிருக்கிறது. வழிநடத்திய ஆசிரியர் மலையேற்றத்தை விட்டுவிட்டார். சிலர் குழுவையே கலைத்துவிடலாம் என்றார்கள். வேண்டாம் என்று சொன்னவர்களில் இளைஞரின் தம்பியும் ஒருவன்.

மாற்றிக்கொண்டவையும் மாற்ற வேண்டியவையும்

ஒக்டோபர், நவம்பர் மாதங்களில் நண்பகலுக்குள் முகட்டைவிட்டு இறங்கிவிட முடியாத பயணம் எதையும் குழு இப்போது ஏற்பதில்லை. பாதை தொலைந்தால் கடைசியாகப் பாதை தெரிந்த இடத்துக்கே திரும்ப வேண்டும்; கீழே தெரியும் லயனை நோக்கி இறங்கக்கூடாது. ஒவ்வொருவரும் விசில், உலர்ந்த மேலுடை, ஆள் நுழையக்கூடிய ஒரு பொலித்தீன் பை வைத்திருக்க வேண்டும். நிமிடத்துக்கு ஆறு முறை ஊதி ஒரு நிமிடம் நிறுத்துவது பல நாடுகளில் மலையேறுவோர் அறிந்த ஆபத்துச் சமிக்ஞை. மாணவரிடம் ஒரு விசில் இருந்திருந்தால் முதல் இரவே கேட்டிருக்கலாம்.

தேடுதலைப் பொறுத்தவரை, பதிவேடு முதல் மணியிலேயே தொடங்க வேண்டும். தாமதித்தால் உதவ வந்தவர்களையே தேட வேண்டிவரும். ஒருவர் இறந்து ஒருவரைக் காணவில்லை என்ற நிலையில் இரு வீட்டுக்கும் ஒரே ஆளை அனுப்பக்கூடாது என்பதில் நாங்கள் எல்லோரும் ஒருமனதாக இருக்கிறோம். ஒரு வீட்டில் பேச வேண்டிய பேச்சும் முகமும் மற்ற வீட்டுக்கு ஆகாது. நல்ல செய்தி வரும்போது அதை முதலில் துக்க வீட்டுக்கு ஓர் ஆள் நேரில் போய்ச் சொன்ன பிறகே வெளியிட வேண்டும். அன்று எங்கள் திட்டத்தில் கெட்ட செய்திக்கு வழி இருந்தது, நல்ல செய்திக்கு இல்லை.

பதாகை விடயத்தில், கடைவீதியில் அச்சிடும் கடைக்காரர்களைச் சந்தித்தோம். மரண அறிவித்தலுக்குக் குடும்பத்தில் ஒருவரிடம் பேசி உறுதிப்படுத்தாமல் அச்சிடுவதில்லை என்று இருவர் ஒப்புக்கொண்டார்கள். ஒருவர் அது தம்முடைய வேலையல்ல என்றார். அவரிடம் மறுபடியும் போவோம்.

குழாய் பார்ப்பவர்கள், விறகுப் பாதை அறிந்தவர்கள், முன்பு காவற்காரராக இருந்தவர்கள் ஆகியோரின் பெயர்ப்பட்டியல் ஒன்றைத் தோட்டந்தோட்டமாகத் தயாரித்து வருகிறோம். விபத்து நடந்தால் வரைபடத்தை விரிக்குமுன் அவர்களை அழைத்து உட்காரவைத்துக் கேட்க வேண்டும். பிரதிகள் பொலிஸ் நிலையத்துக்கும் பிரதேச செயலகத்துக்கும் கொடுக்கப்பட்டுள்ளன. மஸ்கெலியாப் பக்கத்துத் தோட்டங்கள் பெரும்பாலும் முடிந்துவிட்டன. நோர்ட்டன் பிரிட்ஜ் பக்கம் இனிமேல்தான் தொடங்க வேண்டும்.